பிஸ்டனும் பிள்ளையும்

சமண மடத்துக்கும் பழைய ஜினாலயங்களுக்கும் பெயர் பெற்ற மேல்சித்தாமூரிலிருந்து ஓர் அன்பர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய குமாரன் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றை வாங்கிப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறானாம். கம்பெனி பிஸ்டன் அகப்படவில்லை. வேறொருவர் தயாரித்ததைப் போடலாம் என்கிறாராம் திண்டிவனத்து மெக்கானிக். "போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லவும்" என்கிறார் அன்பர். ஒரே வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்தால் நாம் ஏன் பத்திரிகை நடத்துகிறோம்?

முறுக்கு நாழிக்குள் அழுந்தும் கட்டையைப் போல, ஸிலிண்டருக்குள் ஏறி இறங்குவது பிஸ்டன். ஆனால் வேகத்தைப் பாருங்கள். எஞ்சின் நிமிஷத்துக்கு 7500 முறை சுற்றினால், பிஸ்டன் ஒரு விநாடியில் 250 தடவை நின்று திரும்புகிறது. தலைமேலோ நெருப்பு. பிஸ்டன் அலுமினியம், அது உரசும் சுவர் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகையால் நடுவே மயிரிழையளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்த மயிரிழையில்தான் பையனுடைய கை கால்கள் தொங்குகின்றன!

இடைவெளி போதாவிட்டால் பிஸ்டன் சுவரைக் கவ்விக் கொள்ளும். எஞ்சின் நிற்கும், அதனோடு பின் சக்கரமும் ஓடுகிறபடியே பூட்டிக் கொள்ளும். அந்தக் கணமே கிளச்சைப் பிடித்தவன் தப்பலாம். சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில், பல வருஷங்கள் பந்தயம் நடந்தது. அத்தகைய நீண்ட நேர் ஓட்டத்தில்தான் பிஸ்டனுக்கு உண்மையான பரீட்சை, தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து, "பேஷ்!" என்பதில் பிரயோஜனமில்லை.

வெளிச் சரக்கு என்பதனாலேயே அதை இகழ நாம் தயாரில்லை. நியூஸிலாந்துக்காரர் பர்ட் மன்ரோ 1920-ஆம் வருஷத்து 'இந்தியன்' மோட்டார் சைக்கிளுக்கு (பெயர்தான் இந்தியன்; பிறந்தது அமெரிக்காவில்) தம் கொட்டகையில் தாமே பிஸ்டன் வார்த்தார். பல பிஸ்டன்கள் உடைந்தன. உடைந்தவற்றை அலமாரியில் அடுக்கி, 'வேக தேவதைக்குக் காணிக்கை' என்று எழுதி வைத்தார். 1967-ல், 68-வது வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனை செய்தார். நம் சென்னைச் செம்பியத்திலும் 1949-லேயே இந்தியா பிஸ்டன்ஸ் தொழிற்சாலை தோன்றிவிட்டது. பிஸ்டன் செய்யும் வித்தை எந்தத் தேசத்துக்கும் ஏகபோகமல்ல.

ஆனால் வார்த்த பிஸ்டன் வேறு, அடித்து உருவாக்கிய பிஸ்டன் வேறு. அடித்தது பலசாலி, பந்தயக்காரர்கள் அதையே விரும்புவார்கள். ஆயினும் பெரும்பாலும் அது அதிகம் விரியும்; கூடுதல் இடைவெளி கேட்கும். பழைய பிஸ்டனின் அளவையே வைத்து ஸிலிண்டரைக் கடைந்து இதைப் பொருத்தினால் ஆபத்து நிச்சயம். எடை மிகுந்தால் கிராங்க் பேரிங்குகளுக்குக் கஷ்டம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்னொரு சங்கடமும் உண்டு. ரிங்கின் முனைகளை நிறுத்தும் சிறு ஊசி இடம் பிசகினால், முனை ஸிலிண்டர் துவாரத்தில் மாட்டி ஒடியும்.

எனவே பிஸ்டனின் விலையைக் கேட்குமுன், அதைச் செய்தவர் எவ்வளவு இடைவெளி குறித்திருக்கிறார் என்று அன்பர் கேட்கட்டும். குறிப்பே இல்லாத பிஸ்டன் இனாமாக வந்தாலும் வேண்டாம். குறிப்பு இருந்தால் பிஸ்டனைக் கையில் வைத்து, மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்கேற்ப ஸிலிண்டரை ரீபோர் செய்யும் பட்டறையைத் தேட வேண்டும். விரல் நுனியால் தடவி, "சரியாயிருக்கிறது" என்னும் மேதைகளுக்குத் தூரத்திலிருந்தே நமஸ்காரம்.

பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த பாதை இருக்கிறது. பொதுச் சாலையில் பந்தயம் விடுவதைச் சட்டம் தண்டிக்கிறது. அங்கே போகும்போதும் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டு போகட்டும். பழகாத புதுப் பிஸ்டனோடு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே, திண்டிவனம் நெடுஞ்சாலையில் ஓட்டிக் கொண்டு போக வேண்டாம்.