சாக்கின் ஓட்டையும் கல்லாவின் ஓட்டையும்



அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை உண்டு. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, அரைத்துச் செய்யப்படும் சிமெண்ட், 50 கிலோ சாக்கில் அடைபட்டுக் கடைக்கு வருகிறது. சாக்கு நைந்தோ, தையல் பிரிந்தோ இருந்தால் என்னவாகும்? மூட்டைக்கு அரைக் கிலோ சிந்தினால், நூறு மூட்டையில் ஒரு மூட்டை நட்டம். நூற்றுக்கு 4 இலாபம் பெறும் வணிகருக்கு, அதில் ஏறத்தாழ கால்பங்கு மண்ணோடு போயிற்று! காற்றின் ஈரம் புகுந்தாலோ சிமெண்ட் இறுகிக் கட்டியாகிவிடும், மூட்டையே வீண்.

இந்நட்டத்தை வாங்குவோர் தலையில் கட்ட மனம் தூண்டும். அங்கேதான் சோதனை! சந்தையில் உணவுக் குவியலுக்குள் கையை நுழைத்து ஈரம் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைக்காததேன் என்று அவ்வணிகரைக் கண்டித்தார்கள்.

ஆகவே, சரக்கு இறக்கும்போதே சாக்கைப் பாருங்கள். தரையில் போடாது பலகைமேல் அடுக்குங்கள். இல்லத்தில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் சகோதரிகளே, உங்களுக்கும் இதே கணக்குத்தான். உறையில் மிச்சம் பிடித்தால் சரக்குக் கெடும். கெட்டதை மறைத்தால் நாணயமே கெடும்.