நுரைப் பூச்சியும் ஒலிவத் தோப்புகளும்

ஐரோப்பாக் கண்டத்துப் புல்வெளிகளில், வசந்த காலத்தில், செடித்தண்டுகளின்மேல் எச்சில் உமிழ்ந்தாற்போன்ற வெண்ணுரை காணப்படும். அதனுள் இருப்பது நுரைப் பூச்சியின் குஞ்சு. வேரிலிருந்து மேலேறும் நீரை உறிஞ்சியே அது பிழைக்கின்றது. அந்நீரில் சத்து மிகச் சொற்பமாதலால் ஓயாது குடிக்கின்றது; கழிக்கும் நீரிற் காற்றைக் கலந்து நுரையாக்கி, வெயிலுக்கும் சத்துருக்களுக்கும் மறைவாக அதனுள் தங்குகின்றது. இன்ன செடிதான் வேண்டுமென்னும் நியமம் அதற்கில்லை. 1,000-க்கு மேற்பட்ட செடிவகைகளில் வசிக்கும்.

இத்தாலி தேசத்தின் தென்கோடியிலுள்ள அபூலியா மாகாணத்தில், கல்லிப்போலி நகரையடுத்த ஒலிவ மரங்களில், 2013-ம் வருஷம் சைலெல்லா என்னும் நுண்ணுயிர் கண்டறியப்பட்டது. மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துக் காயவைக்கும் இந்நோயை மரத்துக்கு மரம் சுமப்பது இப்பூச்சியே என்பதும் பின்னர் ருசுவாயிற்று. தலைமுறைகளாகக் காய்த்த மரங்கள் பல லட்சம் பட்டுப்போயின. நோய் கண்டவற்றை வெட்டும்படி சர்க்கார் உத்தரவிட, குடிகள் எதிர்த்தனர். 2015-ம் வருஷக் கடைசியில் நியாய விசாரணையினால் அவ்வேலை நின்றது. பாட்டன் நட்ட மரத்தின்மேல் கோடரி விழ எவர்தாம் மனமொப்புவர்? எனினும், வெட்டுவதா விடுவதா என்னும் வாதத்துக்கு முந்தியது மரத்தடிப் புல்லைப் பற்றிய யோசனையாகும்.

இந்நோய் முட்டை வழியே குஞ்சுக்கு இறங்குவதில்லை. வருஷத்துக்கு ஒரு தலைமுறையே உண்டாகும் இப்பூச்சி, ஒவ்வொரு வசந்தத்திலும் குற்றமற்றே பிறக்கின்றது. சிறகு முளைத்து, கோடையில் புல் காயவே ஒலிவத்துக்கு ஏறி, நோயுற்ற மரத்தின் நீரைக் குடித்த பிறகே அது விஷமாகிறது; அப்பால் சாகுமளவும் நோயைச் சுமக்கும். 70 செண்டிமீட்டர் உயரம் தாவவல்ல அதனை அப்போது மருந்தடித்துத் துரத்துவது செலவு மிகுந்த காரியம், தேனீக்களுக்கும் நாசம்.

மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலோ அது சிறகின்றி நுரைக்குள் கிடக்கின்றது. அச்சமயம் களையை உழுது மடக்கினால் குஞ்சு வாடி மடியும். காலங்கடந்து அறுப்பதோ, பூச்சியைத் தானே மரத்தில் ஏற்றிவிடுவதாகும். வசந்தத்துக் களைநீக்கம் அங்கே சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது தக்கதே. ஆனால் ஒரு குடியானவர் உழுதிருக்க, அடுத்த தரிசும் பாதையோரமும் நுரையோடு நின்றால் அவர் பட்ட பாடு வீண். பாதையோரத்தைச் சர்க்கார் சிப்பந்திகளே முதலிற் சுத்தம்செய்ய வேண்டும். உடையவர் வெளியூரிலிருக்கும் தோப்புகளை ஊராட்சியார் ஆள்விட்டு உழுது, கூலியை அவரிடமே வசூலிப்பது நியாயமாகும்.