கட்டளைத் திரையில் கன்னித்தமிழ்

படங்களைத் தொட்டே கணிப்பொறியை இயக்கப் பழகிவிட்டோம். ஆயினும் அப்படங்களுக்குப் பின்னே, எழுத்தால் ஆளப்படும் ஓர் உலகம் இன்றும் இயங்கி வருகின்றது. டெர்மினல், கன்சோல், ஷெல் என்னும் மூன்றும் அவ்வுலகின் வாயில்கள். இவற்றை ஒன்றெனக் கருதி மயங்குவோர் நம்மிடையே பலர்.

டெர்மினல் என்பது முனையம். பெரிய கணிப்பொறி ஓரிடத்தில் இருக்க, அதனோடு கம்பியால் இணைந்து எழுத்தை அனுப்பவும் பெறவும் உதவிய கருவி அது. 1963-இல் வெளிவந்த 'டெலிடைப் 33' என்னும் தட்டச்சுப் பொறி, விடையைத் தாளில் அச்சிட்டுத் தந்தது. யூனிக்ஸில் முனையத்தைக் குறிக்கும் 'டிடிஒய்' என்னும் பெயர் டெலிடைப்பின் எச்சமேயாகும். 1978-இல் வந்த 'விடி 100' என்னும் முனையமோ 24 வரிகளும் வரிக்கு 80 கட்டங்களும் கொண்ட திரையைத் தந்தது. இன்று கருவி மறைந்தது. அதன் பணியை மென்பொருள் ஏற்றது.

கன்சோல் என்பது பொறியோடு நேரே பிணைந்த தலைமை முனையம். ஷெல்லோ கருவியன்று, நாம் தட்டும் கட்டளையைப் படித்து, பொருள் கொண்டு, உரிய நிரலை இயக்கும் தூதுவன். 1960-களில் லூயி பூசான் சூட்டிய பெயர் இது. 1971-இல் கென் தாம்சனும், 1979-இல் ஸ்டீபன் போர்னும், 1989-இல் 'பாஷ்' தந்த பிரையன் ஃபாக்ஸும் அதனை வளர்த்தனர்.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. ஆயிரம் பக்க நூலில் ஒரு சொல் எத்தனை முறை வருகின்றது என்பதை ஒரே வரிக் கட்டளையால் எண்ணித் தரவல்லது ஷெல். தேடும் சொல் தமிழாயின், அது திரையில் செம்மையாகத் தோன்ற வேண்டாமா?

எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது முனையத்தின் பழைய விதி. ஆங்கில எழுத்து அதில் அடங்கும். 'கொ' என்னும் எழுத்தோ இருபுறமும் குறி பெற்று நிற்பது. 'ணௌ' இன்னும் அகன்றது. ஆதலின் பல முனையங்களில் நம் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் சிதைந்தும் தோன்றுகின்றன. 1991-இல் யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் எண் பெற்றன. முனையக் கட்டத்தில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

கட்டளைக்கு ஆங்கிலமே போதும் என்பாருளர். கட்டளைச் சொல் ஆங்கிலமாகவே இருக்கட்டும். கட்டளைக்கு உட்படும் நூல் நம்முடையதன்றோ? எழுத்திலக்கணம் அறிந்தவர் முனையத்தை அறியாமலும், முனையம் அறிந்தவர் எழுத்திலக்கணம் அறியாமலும் இருக்கும்வரை இக்குறை தீராது. ஆகவே தமிழ் மாணவர் ஷெல்லைப் பயிலல் வேண்டும். கணிப்பொறி மாணவர் நன்னூலின் எழுத்ததிகாரத்தை ஒருமுறையேனும் கற்றல் வேண்டும்.

இப்பணி நமக்குப் புதிதன்று. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்து, அரபுத் தமிழில் நூல்கள் யாத்தவர் நம் முன்னோர். அயல் எழுத்தில் தமிழை அமர்த்திய அவர்தம் வழிவந்த நாம், அயல் திரையில் தமிழை அமர்த்தத் தயங்கலாமோ? வல்ல இறைவன் துணை நிற்பானாக!