பத்து முறை வாசித்தால் பிழை போய்விடுமா?



பாடத்தில் பிழையா? பத்து முறை எழுது. உச்சரிப்பில் பிழையா? பத்து முறை சொல். வாசிப்பில் பிழையா? பத்து முறை வாசி. ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோர்களாகிய நாமும் கையில் வைத்திருக்கும் மருந்து பெரும்பாலும் இந்த ஒன்றுதான். எல்லா நோய்க்கும் இதே குளிகையைக் கொடுத்து வந்தவள்தான் நானும். அது நோயைத் தீர்ப்பதற்குப் பதிலாக வளர்க்கவும் கூடும் என்பதை என் மகனின் கிட்டார் எனக்குக் கற்பித்தது.

என் மகன் உயர்நிலை ஒன்றில் கிட்டார் குழுவை இணைப்பாட நடவடிக்கையாகத் தேர்ந்தெடுத்தான். சில மாதங்களில் ஓரிடத்தில் தடுமாறத் தொடங்கினான். எட்டுச் சுரங்கள் கொண்ட ஒரு சிறு தொடர். அதில் சுண்டு விரல் விழவேண்டிய இரண்டு சுரங்களும் கரகரத்தன; தாமதமாகவும் வந்தன. "இன்னும் பயிற்சி வேண்டும்" என்று பள்ளியில் சொன்னார்களாம். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். சமையலறைக் கடிகாரத்தை அவன் முன்னால் வைத்து, நாள்தோறும் அந்தத் தொடரை 20 முறை வாசிக்கச் சொன்னேன். இப்படியே மூன்று வாரங்கள் சென்றன.

கரகரப்பு போகவில்லை. கட்டை விரலின் அடியில் வலி வந்தது. நான்காம் வாரம் அவன் கிட்டாரை உறையில் போட்டு மூடிவிட்டு, "அம்மா, எனக்கு இது வராது. நான் குழுவை விட்டுவிடுகிறேன்" என்றான். அழவில்லை. அமைதியாகச் சொன்னான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்த வாரம் சுருதிப் பெட்டியைப் பழுதுபார்க்கத் தேக்காவுக்குச் சென்றபோது அவனையும் அழைத்துச் சென்றேன். பள்ளியிலிருந்து நேராக வந்ததால் கிட்டாரும் தோளில் இருந்தது. வீணைகளுக்கு மெழுகு வைத்து மெட்டுக் கட்டிப் பழகிய ஒரு பெரியவர் அங்கிருந்தார். "வாசித்துக் காட்டுங்கள் தம்பி" என்றார். ஒருமுறை கேட்டார். இரண்டாம் முறை வாசிக்கும்போது அவர் காது கொடுக்கவில்லை. கையை மட்டும் பார்த்தார். பிறகு, "கட்டை விரலை எடுத்துவிட்டு வாசியுங்கள் பார்ப்போம்" என்றார். அவனால் முடியவில்லை.

"எனக்குக் கிட்டார் தெரியாது அம்மா, கை தெரியும்" என்று தொடங்கி அவர் காட்டியது இதுதான். சுண்டு விரல் மெட்டை ஒட்டி விழாமல் இரண்டு மெட்டுகளுக்கு நடுவில் விழுகிறது. அதனால்தான் கரகரப்பு. விரல் ஏன் எட்டவில்லை? கட்டை விரல் கிட்டாரின் கழுத்தைச் சுற்றி மேலே ஏறிப் பிடித்திருக்கிறது. அது ஏன் ஏறியது? மணிக்கட்டு மடங்கியிருக்கிறது. மணிக்கட்டு ஏன் மடங்கியது? கிட்டாரின் கழுத்து மிகவும் தாழ்ந்திருக்கிறது. அது ஏன் தாழ்ந்தது? உட்கார்ந்திருக்கும் முறை சரியில்லை. "இடது காலுக்கு ஒரு சிறிய மணை போடுங்கள், அம்மா" என்றார்.

காதில் கேட்ட பிழை விரலில் இருந்தது. அதன் வேர் காலில் இருந்தது. நானோ 20 முறை வீதம் 21 நாள்கள், ஆக 420 முறை, அந்தத் தவற்றை அவன் கைக்குப் பழக்கியிருந்தேன். கைக்குச் சரி எது, தவறு எது என்று தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ, அதையே கற்றுக்கொள்கிறது.

அன்றிரவு என் வகுப்பறையை நினைத்துக்கொண்டேன். ஒரு மாணவன் 'தமிழ்' என்பதைத் 'தமில்' என்கிறான். "மறுபடி சொல்" என்கிறோம். மறுபடியும் 'தமில்' என்றே சொல்கிறான். அவன் காது கேளாதவன் அல்லன், சோம்பேறியும் அல்லன். நாவை எங்கே வைப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ளகரத்திற்கு நா மடங்கி மேலண்ணத்தைத் தொட வேண்டும். ழகரத்திற்கு மடங்கினாலும் அங்கே ஒட்டி நிற்கக் கூடாது. இதைக் காட்டிய பிறகு சொல்லப்படும் மூன்று முறை, காட்டாமல் சொல்லப்படும் முப்பது முறையைவிட மேலானது. தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைச் சொல்ல ஓர் இயலையே ஒதுக்கி, நாவும் இதழும் பல்லும் அண்ணமும் என்ன செய்கின்றன என்றுதான் விளக்குகிறார். திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே மருத்துவம் செய்யச் சொல்கிறது. மேடையில் எடுத்துக்காட்டும் இக்குறளை வகுப்பறையில் மறந்துவிடுகிறோமே!

கிட்டார் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக, நான் பிறகு கேட்டும் பார்த்தும் அறிந்துகொண்ட சிலவற்றை இங்கே தருகிறேன். இசை தெரியாத பெற்றோரும் இவற்றைப் பார்க்கலாம்.

1. கரகரப்பு: முதலில் எந்த விரலும் வைக்காமல் தந்தியை மட்டும் மீட்டச் சொல்லுங்கள். அப்போதும் கரகரத்தால், பெரும்பாலும் குறை கருவியில்தான், பிள்ளையைக் கடியாதீர்கள். நம் ஊரின் ஈரப்பதமும் அறையின் குளிர்சாதனமும் மாறி மாறி மரத்தைப் படுத்துகின்றன. விரல் வைக்கும்போது மட்டும் கரகரத்தால், விரல் மெட்டை ஒட்டி அதன் பின்னால் விழுகிறதா என்று பாருங்கள். தள்ளி விழுந்தால் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். அந்த அழுத்தமே அடுத்த பிழைக்கு விதை.

2. இறுக்கம்: அந்தப் பெரியவர் சொன்னதுபோல் ஒரு கணம் கட்டை விரலை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அது கழுத்தின் பின்புறம், ஏறக்குறைய நடுவிரலுக்கு நேராக, மெல்லத் தாங்கி நிற்க வேண்டியது. பிறகு அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒலி கெடத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதற்குச் சற்று மேலே இருக்கும் அழுத்தமே போதும். பல பிள்ளைகள் அதைவிட மிக அதிகமாக அழுத்துகிறார்கள்.

3. தாமதம்: ஒரு நாதக்கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இடைவெளி விழுந்தால், கை முழுவதும் மெதுவாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் ஒரே ஒரு விரல்தான் பிந்துகிறது. 'சி' கோப்பிலிருந்து 'ஏ மைனர்' கோப்புக்கு மாற மோதிர விரல் ஒன்று நகர்ந்தால் போதும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மூன்றையும் தூக்கி மறுபடி வைக்கும் பிள்ளைக்கு வேகம் எப்படி வரும்?

4. வலக்கை: அடுத்தடுத்த சுரங்களை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டிய இடத்தில் ஒரே விரல் ஓடிக்கொண்டிருக்கிறதா? மெதுவாக வாசிக்கும்போது இது தெரியாது. வேகம் கூடும்போது சிக்கும்.

5. உடல்: தோள் உயர்ந்திருக்கிறதா? கிட்டார் பிள்ளையின் அளவுக்குப் பெரியதா? தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முக்கால் அளவுக் கிட்டார் உண்டு. விரல் நுனி எரிவது புதியவர்களுக்கு இயல்பு. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலியும் மரத்துப்போதலும் இயல்பல்ல. அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

'அப்படியானால் திரும்பத் திரும்பச் செய்வதே வேண்டாமா?' என்று கேட்பீர்கள். வேண்டும். சாதகம் என்ற அழகான சொல் நம் இசை மரபில் உள்ளது. ஆனால் அந்தச் சாதகம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். சரளி வரிசையை முதற்காலத்தில் பாடி நிலைத்த பிறகே இரண்டாம் காலம், அதன் பிறகே மூன்றாம் காலம். முதற்காலத்தின் மெதுவான நடையில்தான் குருவுக்கு மாணவனின் பிழை தெரிகிறது, மாணவனுக்கும் தெரிகிறது. மூன்றாம் காலத்திற்கு முதல் நாளே தாவும் பிள்ளை தன் பிழையையும் வேகத்தோடு சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. ஆகவே முதலில் காரணம் அறிதல், அடுத்து மெதுவாகத் திருத்துதல், கடைசியாகத்தான் திரும்பச் செய்தல். வரிசை மாறினால் உழைப்பு வீண்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் கிட்டார் கல்வி என்றதும் நினைவுக்கு வருபவர் அலெக்ஸ் அபிஷேகநாதன். 1926-இல் பிறந்தவர், 1988-இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். தமிழ்ப் பெயர் தாங்கிய அவரைப் பற்றி நம் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1970-இல் அவர் தொலைக்காட்சி வழியாகக் கிட்டார் கற்பித்தார். 1981-இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிட்டார் குழுவைத் தொடங்கினார். திரை வழியே ஆசிரியரின் கையை ஆயிரம் பேர் பார்க்கலாம். ஆனால் ஆசிரியர் ஒருவரின் கையையும் பார்க்க இயலாது. குழுவில்தான் கண் கையைச் சந்திக்கிறது. இன்று யூடியூப்பில் பாடங்களுக்குக் குறைவில்லை. நம் பிள்ளையின் கையைப் பார்க்கும் கண்களுக்குத்தான் குறைவு.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு கையையும் பார்ப்பது எளிதா என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். எளிதன்று, நானும் திணறுகிறேன். இப்போது நான் செய்வது ஒன்றுதான். 'பத்து முறை' என்று சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், "எந்த இடத்தில் சிக்குகிறது? எனக்குக் காட்டு" என்று முதலில் கேட்கிறேன். பாதிப் பிள்ளைகள் தாங்களே காரணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மீதிப் பேருக்காவது நான் தண்டிக்கவில்லை, உதவுகிறேன் என்பது புரிகிறது.

என் மகன் குழுவை விடவில்லை. இடது காலின் கீழ் ஒரு சிறிய பலகை வந்தது; வலி இருந்த சில நாள்கள் கிட்டாரைத் தொடவில்லை; பிறகு அந்த எட்டுச் சுரங்களை நாளுக்கு ஐந்து முறை, மிக மெதுவாக வாசித்தான். பழைய பழக்கம் மறைய இரண்டு மாதங்கள் ஆயின. கற்ற பிழையை மறப்பது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம் என்பதை இருவரும் உணர்ந்தோம். அந்த இரண்டு மாதங்கள் அவன் கொடுத்த விலை. கொடுக்க வைத்தவள் நான்.

உங்கள் பிள்ளை இன்று மாலை ஏதேனும் ஒன்றில் தடுக்கி விழுந்தால், "திரும்பச் செய்" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் அருகில் அமர்ந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை