மாவுப் பாத்திரம் பெரிசு, தோசைக்கல் ஒன்று

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. மைன்கிராஃப்ட் உலகத்தில் ஒரு பையன் கல்லை உடைக்கிறான். உடைந்த கல் இரண்டு விநாடி கழித்து அதே இடத்தில் மறுபடி முளைக்கிறது. துரத்தி வந்த ஸோம்பி அந்தரத்தில் நின்றுவிட்டு, திடீரென்று பக்கத்தில் தோன்றி அறைகிறது. ஈடுகொடுக்க முடியவில்லை, சுமை கூடிவிட்டதா என்று சர்வரின் பதிவேடு வரிக்கு வரி புலம்புகிறது. சர்வரை வாடகைக்கு எடுத்த நண்பர் குழு கூடி ஆலோசித்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: 4 ஜிபி ரேமை 8 ஆக்குவோம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாக யுபிஐயில் போகிறது. அடுத்த சனிக்கிழமையும் கல் முளைக்கிறது.

இதில் பையன்களைவிடக் கடைக்காரர்களுக்குப் பங்கு அதிகம். விளையாட்டு சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனங்களின் விலைப்பட்டியலில் 2 ஜிபி, 4 ஜிபி, 8 ஜிபி என்று ரேம்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். புராசஸர் என்ன ரகம் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ரேமை எண்ணிக் காட்டுவது சுலபம், ஆகவே அதை விற்கிறார்கள்.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு விநாடிக்கு 20 தடவை தன் உலகத்தைப் புதுப்பிக்கிறது. ஒரு தடவைக்குக் கிடைப்பது 50 மில்லிசெகண்ட். அதற்குள் ஆடுகள் நடக்க வேண்டும், பயிர் வளர வேண்டும், தண்ணீர் ஓட வேண்டும், உலையில் இரும்பு உருக வேண்டும். இதில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாக, புராசஸரின் ஒரே ஒரு கோரில் நடக்கிறது. இந்தப் பிஸ்டன் நகர்ந்த பிறகுதான் அந்தக் கதவு திறக்க வேண்டும் என்ற வரிசை குலைந்தால் ஆட்டமே குலைந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. வேலை 50க்குள் முடிந்தால் சர்வர் மீதி நேரம் சும்மா இருக்கும். 70 மில்லிசெகண்ட் பிடித்தால் விநாடிக்கு 20 என்பது 14 ஆகிவிடும். உலகமே சேற்றில் நடக்கத் தொடங்கும்.

ஓட்டலில் தோசைக்கல் ஒன்றுதான் என்றால் மாவுப் பாத்திரத்தைப் பெரிதாக்கி என்ன பயன்? எட்டு மாஸ்டர்களை நிறுத்தினாலும் ஏழு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். கல் சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரேமே வேண்டாம் என்பதல்ல. பத்துப் பேர் ஆடும் சாதாரண சர்வருக்கு 4 முதல் 6 ஜிபி, மோட்கள் நிறையச் சேர்த்தால் 8 அல்லது 10. போதிய ரேம் வந்தபிறகு அதைக் கூட்டுவதால் வேகம் கூடாது.

மலிவு ஹோஸ்டிங்கின் சூட்சுமம் பழைய சிப்பில் இருக்கிறது. 2012இல் வந்த இன்டெல் ஜியான் இ5-2670 ஒரு நல்ல உதாரணம். எட்டு கோர், இரண்டைச் சேர்த்தால் 16 கோர், 32 த்ரெட். விளம்பரத்துக்கு அழகு. ஆனால் அதன் ஒரு கோர் எட்டக்கூடிய உச்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ். 2022இல் வந்த ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸின் உச்சம் 5.7. ஒவ்வொரு துடிப்பிலும் புதியது செய்யும் வேலையும் அதிகம். பாஸ்மார்க் சோதனையில் ஒற்றை த்ரெட் மதிப்பெண்ணைப் பார்த்தால் வித்தியாசம் இரண்டரை மடங்குக்கு மேல். அதாவது பழையதில் 70 மில்லிசெகண்ட் பிடித்த வேலை புதியதில் ஏறத்தாழ 30க்குள் முடிந்துவிடும். வீட்டு மேஜைக்கென்று செய்த சிப், சர்வருக்கென்றே செய்த சிப்பை இந்த ஒரு விஷயத்தில் தோற்கடிப்பது வேடிக்கைதான். உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்துப் பல கோர்களுக்குப் பங்கிடும் ஃபோலியா என்ற மென்பொருள் 2023இல் வந்தது. ஆனால் ஆட்டக்காரர்கள் தூரதூரமாகச் சிதறியிருந்தால்தான் அதனால் லாபம். பன்னிரண்டு நண்பர்களுக்கு அது வேண்டாத வேலை.

நல்ல சிப் என்றாலும் அது யாருக்கெல்லாம் சொந்தம் என்று பார்க்க வேண்டும். 'விசிபியு' என்று விற்கப்படுவது பெரும்பாலும் முழுக் கோர் அல்ல; ஒரு கோரின் இரண்டு த்ரெட்களில் ஒன்று. அதையும் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டிருப்பார்கள். ஒண்டுக் குடித்தனத்துப் பொதுக்குழாய் மாதிரி: நள்ளிரவில் தண்ணீர் கொட்டும், காலை ஏழு மணிக்குச் சொட்டும். பெரிய கம்பெனிகளிலும் இந்த ரகம் உண்டு. அமேசானின் டி3 மீடியம் வகையில் ஒரு விசிபியுவுக்கு நிரந்தரமாக அனுமதிக்கப்பட்ட அளவு 20 சதவீதம்தான். அதற்கு மேல் ஓடினால் சேமிப்பிலிருந்து கழியும்; சேமிப்பு தீர்ந்தால், ஒன்று வேகம் குறையும் அல்லது பில் ஏறும். இடைவிடாமல் ஓடும் விளையாட்டு சர்வருக்கு இது ஒத்துவராது. லினக்ஸ் சர்வர் கையில் இருந்தால் 'டாப்' கட்டளை போட்டு 'எஸ்டி' என்ற எண்ணைப் பார்க்கலாம். நம் நேரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு தின்கிறார் என்பதை அது சொல்லிவிடும். சனிக்கிழமை இரவில் அது 5, 10 என்று நின்றால் இடத்தை மாற்றுவது நல்லது.

அப்படியானால் சர்வர் எந்த ஊரில் இருக்க வேண்டும்? பக்கத்தில் இருப்பதே உத்தமம் என்பது பொதுவான நம்பிக்கை. பாதிதான் சரி. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. மும்பையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நேர்கோட்டில் 6,500 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். போய்வர 65 மில்லிசெகண்ட் கட்டாயம். கேபிள் சுற்றி வளைத்துப் போவதால் நடைமுறையில் 100ஐத் தாண்டும். வாள் சண்டைக்கு இது ஆகாது. வீடு கட்டி விவசாயம் பார்க்கும் கூட்டத்துக்குப் பெரிய தொந்தரவில்லை. அவர்களுக்கு மும்பையில் இருக்கும் பழைய ஜியானைவிட ஜெர்மனியில் இருக்கும் ரைசனே மேல். சண்டைக்காரர்கள்தான் உள்நாட்டில் தேட வேண்டும். அமேசான் 2016இல் மும்பைக்கு வந்தது. டிஜிட்டல் ஓஷன் அதே ஆண்டு பெங்களூருக்கு. ஓவிஎச் 2023இல் மும்பைக்கு. இடம் இருக்கிறது. வேகமான தனிக் கோர் என்று கேட்டால்தான் விலை ஏறுகிறது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

தாக்குதல் பாதுகாப்பை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. 2016இல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி இன்டர்நெட்டை உலுக்கிய 'மிராய்' நினைவிருக்கலாம். அதை உருவாக்கிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதன் பின்னணியில் இருந்தது மைன்கிராஃப்ட் சர்வர் வியாபாரப் போட்டி. எதிராளியின் சர்வரைச் சாய்த்து ஆட்டக்காரர்களை இழுப்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

செலவில்லாத வைத்தியங்கள் முதலில். ஒவ்வொரு ஆட்டக்காரரைச் சுற்றியும் சர்வர் உயிரோடு வைத்திருக்கும் தூரம் வழக்கமாக 10. அப்படியென்றால் 21க்கு 21, ஆக 441 துண்டுகள். இதை 6 ஆக்கினால் 169. ஒரே எண்ணை மாற்றி வேலையில் பெரும்பங்கைக் குறைத்துவிடலாம். 'பேப்பர்' என்ற இலவச சர்வர் மென்பொருளுக்கு மாறுவதும், உலகத்தை முன்கூட்டியே உருவாக்கி வைப்பதும் அடுத்த படி.

வீட்டில் சும்மா கிடக்கும் நாலைந்து வருஷத்து டெஸ்க்டாப்கூட பல மலிவு ஹோஸ்டிங்கைத் தோற்கடிக்கும். 60 வாட் இழுத்தால் மாதம் 43 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் 300 ரூபாய். வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டு பிராட்பேண்ட் பல சமயம் உள்ளே விடாது. நண்பர்கள் மட்டும் என்றால் டெயில்ஸ்கேல் போன்ற இலவச ஏற்பாடு போதும். கரண்ட் போனால் ஆட்டம் போகும், அம்மா ப்ளக்கைப் பிடுங்கினாலும் போகும்.

வாடகைதான் என்று முடிவானால் மாதக் கட்டணம் மட்டும். வருஷம் முழுவதற்கும் சேர்த்துக் கட்டினால் 40 சதவீதம் தள்ளுபடி என்பார்கள். இரண்டாம் மாதம் அதே கம்ப்யூட்டரில் இன்னும் இருபது பேரைக் குடியேற்றினால் கேட்க முடியாது. பணம் அனுப்புமுன் இரண்டு கேள்விகளை எழுதிக் கேட்க வேண்டும்: சிப்பின் பெயரும் மாடல் எண்ணும் என்ன? எனக்கென்று ஒதுக்கிய கோரில் வேறு யார் பங்கு? ஐந்து நிமிஷத்தில் மாடல் எண் வந்தால் ஒரு மாதம் எடுத்துப் பார்க்கலாம். 'சக்திவாய்ந்த என்டர்பிரைஸ் புராசஸர்' என்று பதில் வந்தால் அடுத்த கடை.