'அதிபர்' என்னுஞ் சொல்லும் அமெரிக்கப் பேராயமும்

நம் நாளிதழ்கள் அமெரிக்கக் குடியரசுத் தலைவரை 'அதிபர்' என்றே எழுதிக் குவிக்கின்றன. அது வடசொல் என்னும் இழுக்கு ஒருபுறம் கிடக்கட்டும். பொருளாலும் அது பெரும்பிழை. அதிபர் என்பான் ஆண்டான். அமெரிக்க அரசமைப்பை 1787-இல் யாத்தோர் ஆண்டானை ஒழிக்கவே முனைந்தனர். 1789-இல் மேலவைக் குழுவொன்று அத் தலைவர்க்கு மன்னர்க்குரிய நீண்ட பட்டஞ் சூட்ட விழைந்தது. கீழவை இணங்க மறுத்தது. வெறுந் 'தலைவர்' என்பதே நின்றது. அவ் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன வேரும் அவைமுன் அமர்ந்திருத்தலைக் குறிப்பதேயன்றி ஆளுதலைக் குறிப்பதன்று.

பெயரை மறுத்த பேராயம் உரிமையைக் காத்ததா?

போரை அறிவிக்கும் உரிமையும் படைக்குப் பணம் ஒதுக்கும் உரிமையும் பேராயத்தினுடையவை. தலைவர் படைக்குத் தலைவர். போர் தொடுக்கும் மன்னரல்லர். ஆயினும் பேராயம் முறைப்படி இறுதியாகப் போர் அறிவித்தது 1942-இல். அதன் பின்னர்க் கொரியாவிலும் வியத்துநாமிலும் மாண்ட அமெரிக்கர் மட்டுமே 90,000-க்கு மேற்பட்டோர். அவை இரண்டும் அறிவிக்கப்படாத போர்கள்! வியத்துநாமில் படை நடத்த 1964-இல் கொணர்ந்த தீர்மானத்தைக் கீழவையில் 416 பேர் ஏற்றனர்; மறுத்தவர் ஒருவருமிலர். மேலவையில் மறுத்தவர் இருவரே.

தலைவர் எல்லாம் வல்லவர், அவரைத் தடுப்பார் யார் என்பாரும் உளர். அன்னார்க்கு 1952-ஐ நினைவூட்டுகின்றோம். கொரியப் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, வேலைநிறுத்தத்தைத் தடுக்கவென உருக்காலைகளைத் திரூமன் கைப்பற்றினார். இரு திங்களுக்குள் தலைமை அறமன்ற நடுவர் அறுவர் அது செல்லாதென்றனர், மூவரே மாறுபட்டனர். ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார் திரூமன். உள்நாட்டில் ஓர் ஆலையை வைத்துக்கொள்ள மாட்டாதவர் அயல்நாட்டில் ஊர்களை எரிக்க வல்லராயினரெனின், பழி யார் மேற்று? வேலியும் கதவும் தன் கையிலிருந்தும் தாழிடாதவன் மேற்றே.

1973-இல் பேராயம் ஒருமுறை நிமிர்ந்தது. நிக்சனின் மறுப்பையும் மீறிப் போர் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. படையைப் போரில் இறக்கின் 48 மணி நேரத்துள் அவைக்கு அறிவித்தல் வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிடின் 60 நாளில் நிறுத்துதல் வேண்டும். நல்ல சட்டந்தான்! 2011 மார்ச்சுத் திங்களில் இலிபியாவின் மீது குண்டு பொழியத் தொடங்கிய ஒபாமா அரசு, 60 நாள் கழிந்ததும் என்ன சொல்லிற்று? எம் படையினர் தரையில் இறங்கிலர். ஆகவே இது அச் சட்டஞ் சுட்டும் போர்ச்செயலே அன்று என்றது. குண்டுக்கு அடியில் கிடந்தவனைக் கேட்டால் வேறு சொல்லியிருப்பான்.

அவ்வாண்டு சூன் 24-இல் கீழவை கூடிற்று. ஒப்புதல் தரலாமா என்றபோது தரவேண்டா என்றோர் 295 பேர். எனின், தாக்குதலுக்குப் பணத்தைத் தடுக்கலாமா என்றபோது, அதுவும் வேண்டா என்றோர் 238 பேர். ஒரே நாள், ஒரே அவை. அமெரிக்க வானூர்திகள் அக்தோபர் வரை இலிபிய வானில் பறந்துகொண்டிருந்தன.