மலையடிவாரத்தில் ஒரு வளைவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., தாவரவியல்)

படத்தில் பார்த்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்னும் ஆசை இன்று இளைஞரிடையே பெருகி வருகிறது. விடுமுறை நாளில் ஏற்காட்டுக்கு வரும் கார்களையும் இருசக்கர வண்டிகளையும் சற்றுக் கவனித்தால் இது விளங்கும். கையில் கைப்பேசி, அதில் ஏதோ ஒரு திரைப்படத்தின் அல்லது தொலைக்காட்சித் தொடரின் காட்சி. அந்தப் பாறை எது, கதாநாயகன் வண்டியைத் திருப்பிய வளைவு எது, கதாநாயகி சாய்ந்து நின்ற மரம் எது என்று தேடுகிறார்கள். கண்டுபிடித்ததும் அதே இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு விரைகிறார்கள். வழிகாட்டியும் இல்லை, கட்டணமும் இல்லை. தாமே வகுத்துக்கொண்ட பயணம் அது.

இதைக் கண்டு முகம் சுளிப்பவர் உண்டு. "சினிமாப் பைத்தியம்" என்ற ஒரே சொல்லில் தீர்ப்பளித்து விடுகிறார்கள். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். பூம்புகார்க் கடற்கரையில் நின்று, கண்ணகியும் கோவலனும் வாழ்ந்த ஊர் இதுதானே என்று எண்ணிப் பார்ப்பவரை நாம் பைத்தியம் என்று சொல்கிறோமா? இல்லையே. கேட்ட கதைக்கும் மிதிக்கும் மண்ணுக்கும் உறவு தேடுவது மனித இயல்பு. காப்பியம் படித்தவருக்கு அந்த உரிமை உண்டு என்றால், படம் பார்த்தவருக்கும் உண்டு.

என் குறை வேறு. இந்தப் பயணம் தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்குவதில்லை என்பதே அது.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்னரே ஒரு வளைவு நிற்கிறது. 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்ற பெயரைத் தாங்கிய பழைய வாயில் அது. உள்ளே இன்று ஸ்டூடியோ இல்லை, குடியிருப்புகள்தாம் இருக்கின்றன. ஏற்காட்டில் படக்காட்சி தேடிப் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வாயிலின் முன் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. தென்னிந்தியத் திரையுலகின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி அந்த வாயிலின் வழியாகத்தான் உள்ளே சென்று வெளியே வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. சொல்லுவாரும் இல்லை.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில்நுட்பம் கற்றுத் திரும்பியவர். நூலாலை நடத்தப் போக வேண்டியவர் படத்தொழிலுக்கு வந்தார். 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937-இல் 'சதி அகல்யா' வெளிவந்தது. 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' இங்கிருந்து பிறந்தது. 1940-இல் 'உத்தமபுத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். 1952-இல் அமெரிக்கப் பட நிறுவனத்துடன் கூட்டாக 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படமே எடுக்கப்பட்டது. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வந்தது. 1961-இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' படத்தையும் தயாரித்தவர் சுந்தரமே. 1963-இல் அவர் மறைந்தார். அதன் பின்னும் நிறுவனம் நடந்தது, 1982-இல் நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் இந்த நிறுவனத்தின் பெயரில் வந்திருக்கின்றன. மு. கருணாநிதி உரையாடல் எழுதியதும், கண்ணதாசன் பணியாற்றியதும், எம்.ஜி.ஆர். வாள் சுழற்றியதும் இங்கேதான். சென்னைக்கு வெளியே, ஒரு மாவட்டத் தலைநகரில் இவ்வளவும் நடந்தது என்பது சிறிய செய்தியா?

மலையடிவாரத்தில் ஸ்டூடியோ அமைந்ததில் ஒரு வசதி உண்டு. அரண்மனை வேண்டுமா, உள்ளே தச்சர்கள் கட்டிவிடுவார்கள். காடு, பாறை, மலைப்பாதை வேண்டுமா, அண்ணாந்து பார்த்தால் சேர்வராயன் மலை நிற்கிறது. ஆனால் மலை எல்லாவற்றுக்கும் உதவாது. அந்நாளைய படச்சுருள், வண்ணச்சுருள் மிகுதியும், ஏராளமான வெளிச்சத்தைக் கேட்பது. மலையிலோ நினைத்த நேரத்தில் பனிமூட்டம் இறங்கிவிடும். ஆகவே வெயில் உள்ளபோது வெளியிலும், மற்றதை விளக்கொளியில் உள்ளேயும் எடுத்து, வெட்டி ஒட்டினார்கள். நாயகன் ஏறுவது உண்மைப் பாறை. அவன் நுழைவது அட்டைக் குகை. திரையில் இரண்டுக்கும் இடையே ஒரு கண்ணிமைப்புக்கூட இல்லை.

இதனால்தான் படத்தில் வந்த இடத்தை மலைமேல் மட்டும் தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும் என்கிறேன். மறுபாதி கீழே, அந்த வாயிலுக்குள் இருந்தது. அதைச் செய்தவர்கள் சேலத்துத் தச்சர்கள், மின்பணியாளர்கள், வண்ணம் பூசியவர்கள், தையற்காரர்கள், கூட்டத்தில் ஒருவராக நின்ற துணை நடிகர்கள். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த அவர்கள் பெயரை எந்தப் பாறையும் தாங்கவில்லை.

1950-இல் வந்த 'மந்திரி குமாரி'யை எடுத்துக்கொள்வோம். தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்து வந்த கணவனை, அவன் எண்ணத்தை அறிந்த மனைவி தானே தள்ளி விடுகிறாள். அந்த உச்சி எது என்று தேடுவோர் இன்றும் உள்ளனர். தேடட்டும். ஆனால் அந்தக் கதையின் வேர் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியில் இருக்கிறது என்பதையும் அறிந்து தேடினால், அவர்கள் நிற்கும் பாறை இன்னும் உயரமாகத் தெரியாதா? தமிழ் வகுப்பில் பெயரளவில் மனப்பாடம் செய்த ஒரு காப்பியம், சேலத்துத் தொழிலாளர் உழைப்பால் படமாகி, பாமரர் வீட்டுக் கதையாயிற்று. ஒரு பயணத்தில் கற்க வேண்டியது இதுதான்.

பிற ஊர்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நமக்குப் பயன்படும். ஆர். கே. நாராயண் படைத்த மால்குடி ஒரு கற்பனை ஊர். 1980-களில் சங்கர் நாக் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பே மால்குடியாக மாறியது. தூர்தர்ஷனில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் காரெடுத்துக்கொண்டு ஆகும்பேக்குப் போகிறார்கள். தொடரில் வந்த அரசாளு ரயில் நிலையத்தின் பழைய கட்டடத்தைச் செப்பனிட்டு, 2020-இல் ரயில்வே துறையே மால்குடி அருங்காட்சியகமாக்கியது. தொடருக்குக் கலை இயக்குநராக இருந்த ஜான் தேவராஜையே அந்தப் பணிக்கும் அழைத்தார்கள். இல்லாத ஊருக்கு இத்தனை மரியாதை! நம் ஊரிலோ, உண்மையாகவே இருந்த ஒரு ஸ்டூடியோவுக்கு ஒரு வளைவு மட்டுமே மிச்சம். அது நிற்கும் நிலம் யாருக்குரியது என்ற சர்ச்சையும் 2024-இல் நாளேடுகளில் வந்தது.

எதிர்மாறான பாடமும் உண்டு. கொடைக்கானலில் வெள்ளையர் 'டெவில்ஸ் கிச்சன்' என்று அழைத்த பாறைப் பிளவுகள், 1991-இல் 'குணா' படம் வந்தபின் குணா குகை ஆயின. 2006-இல் கேரளத்து இளைஞர் ஒருவர் அங்கே ஆழத்தில் விழுந்து, நண்பரால் மீட்கப்பட்டார். அதை வைத்து 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் வந்தது. படம் சொன்னது எச்சரிக்கை, விளைந்ததோ பெருங்கூட்டம். தடுப்புவேலியைத் தாண்டத் துணிந்தவர்களும் இருந்தார்கள். ஏற்காட்டுப் பாதையிலும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2024 ஏப்ரல் 30 அன்று அந்தப் பாதையில் ஒரு பேருந்து கவிழ்ந்து உயிர்கள் பறிபோயின. அப்படிப்பட்ட பாதையில், படத்தில் வந்த வளைவு என்பதற்காக வண்டியை நடுவில் நிறுத்திப் படம் எடுப்பது தனக்கும் பிறர்க்கும் செய்யும் தீங்காகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலை என்பது காட்சிக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை அன்று. படங்களில் நீண்டு நிமிர்ந்து அழகு காட்டும் சில்வர் ஓக் மரங்கள் இந்த மண்ணுக்குரியவை அல்ல, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. காப்பிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொம்பாகவும் அவற்றை நட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியை இங்கே கொண்டுவந்தார் என்பர். அதற்கும் முன்பிருந்தே வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர்கள் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினர் என்றும் சொல்வார்கள். மலையின் மிக உயர்ந்த பகுதியில், 5,300 அடிக்கு மேல், சேர்வராயன் கோயில் குகைக்குள் இருக்கிறது. மே மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்று ஊர்கள் எல்லாம் கூடும். அவர்களுக்கு ஒவ்வொரு பாறையும் ஏற்கெனவே ஒரு கதையின் இடம்தான். நாம்தான் புதிதாக வந்து, வேறொரு கதையின் பெயரைச் சூட்டுகிறோம்.

செடி சேகரிப்புக்காக ஏற்காடு சென்றிருந்தபோது, காப்பித் தோட்டத்து ஓரத்தில் ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "இங்கெல்லாம் படம் எடுக்க வருவாங்களா அம்மா?" என்று கேட்டேன். "வருவாங்க தம்பி. அவங்க எடுக்கிறவரைக்கும் எங்களைக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுவாங்க. இப்ப காருல வர்ற புள்ளைங்களும் அப்படித்தான் சொல்லுதுங்க" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். எனக்குத்தான் அது மனத்தில் தைத்தது. அந்த மலையில் அன்றாடம் உழைப்பவர், அந்த மலையின் படத்தில் இருக்கக் கூடாதவராகிறார்!

ஆகவே நம் கல்லூரிக்கு ஒரு யோசனை சொல்ல விரும்புகிறேன். திரைப்பட இடங்களைக் காணும் பயணத்தை நாமே ஒழுங்குபடுத்துவோம். கார் உள்ளவருக்கு மட்டும் உரிய பயணமாக அது இருக்க வேண்டியதில்லை. என்னைப் போல வீட்டில் வண்டி இல்லாதவர்களும் சேலத்திலிருந்து அரசுப் பேருந்தில் போகலாம். முதலில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவில் இறங்கி, அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு அடுத்த பேருந்தில் மலையேறி, ஏரிக்கரையிலிருந்து லேடீஸ் சீட் வரை நடக்கலாம். நேரமும் வலிமையும் உள்ளவர்கள் சேர்வராயன் கோயிலுக்கும் போகலாம்.

இதற்கு ஒரு சிறு கையேடு வேண்டும். அதில் ஒரு நெறியைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். சான்றுள்ள இடத்தை மட்டுமே, படத்தின் பெயரோடும் ஆண்டோடும் எழுத வேண்டும். செவிவழிச் செய்தியைச் செவிவழிச் செய்தி என்றே குறிக்க வேண்டும். ஒரே பாறைக்கு மூன்று படங்களின் பெயரைச் சொல்லும் வழக்கத்துக்கு நாம் துணை போகக் கூடாது. அறிவியல் மாணவர்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் கடைப்பிடிக்கும் நேர்மையை இங்கேயும் கடைப்பிடித்தால் போதும். ஒவ்வோர் இடத்துக்கும் அவ்வூரார் வழங்கும் பெயரையும் முதலில் எழுத வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்களைத் தேடிச் சென்று கேட்டு எழுதுவது. இதற்கு நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றே போதும். தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் கைகொடுத்தால் மிக நன்று. நாள் கடத்த முடியாத வேலை இது. 1982-இல் அங்கே இருபது வயதில் வேலையில் இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். 'அலிபாபா'வின் குகையைக் கட்ட ஆணி எடுத்துக் கொடுத்த சிறுவர் எவரேனும் இருந்தால், எண்பதைத் தாண்டியிருப்பார். சேலத்தின் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்கக் கூடும். அவரிடம் ஒருவரும் கேட்காமலே அவர் போய்விட்டால், எந்தக் கைப்பேசியில் தேடியும் அந்தச் செய்தி கிடைக்காது.

நண்பர்களே, படிப்பு நம் வீட்டு வாசலுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. நம்மில் பலருடைய தாத்தாக்கள் அந்த ஸ்டூடியோவைச் சம்பளத்துக்காக மட்டுமே அறிந்திருப்பார்கள்; தாம் செய்ததை எழுதி வைக்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. எழுதத் தெரிந்தவர்களாக நாம் வந்திருக்கிறோம். வரும் விடுமுறையில் ஏற்காடு செல்லத் திட்டமிட்டிருப்பவர்கள், போகிற வழியில் அரைமணி நேரம் அந்த வளைவின் முன் இறங்குங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அங்கே வேலை பார்த்தவர் யாரேனும் இருந்தால், ஒரு குறிப்பேட்டோடு அவர்முன் உட்காருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவர்கள் சொன்னவை வெளிவர வேண்டும். பேராசிரியப் பெருமக்களும் மாணவர் பேரவையும் இதற்கு ஆவன செய்வார்கள் என்று நம்புகிறேன்.